கடலுக்குள் போன பையன் வேஷக்காரி

போன வாரம் ஒரு பாராட்டு விழா. மைக் பிடித்த இளைஞர் என்னை அறிமுகப்படுத்தினார்: "அந்தக் காலக் குழந்தை நட்சத்திரம்... வளர்ந்ததும் சினிமாவை விட்டு ஒதுங்கிவிட்டார்."

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். "தம்பி, நான் எங்கே ஒதுங்கினேன்? நாற்பது வருஷம் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?"

செகண்ட் யூனிட் டைரக்டர் என்றால் பலருக்குப் புரிவதில்லை. ஹீரோ ஸ்டூடியோவில் பாடுவார். புயல், ரயில், கடல் எல்லாம் நாங்கள் எடுப்போம் - ஹீரோ இல்லாமலே!

அந்த வேலை எனக்குக் கிடைத்தது தூத்துக்குடியில். சுதந்திரம் வந்த புதிது. எனக்குப் பதிமூன்று வயது. அதுவரை பையன் வேஷம் மட்டும்தான் போட்டிருந்தேன். பாண்டிய மன்னன் காலத்து முத்துக்குளிப்புக் கதைக்காக, அம்மா துணையோடு திரேஸ்புரம் கடற்கரைக்கு வந்து இறங்கினேன். டைரக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"வளந்துட்டாளே! இனிமே பையன் வேஷம் எடுபடாது. அப்பாவுக்குத் தகவல் சொல்லி அனுப்பிடுங்க."

அவ்வளவுதான்! ஆறு வருஷ உழைப்பு, ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

மறுநாள் காலை, கடலுக்குள் ஷூட்டிங். வள்ளம் கொஞ்ச தூரம் போனதுமே டைரக்டருக்கு வாந்தி. திருப்பிக் கொண்டுவந்து நிழலில் படுக்க வைத்தார்கள். அசிஸ்டென்ட் டைரக்டருக்கு அதைவிட மோசம். ஹீரோவுக்கோ நீச்சலே தெரியாது. கேமரா அசிஸ்டென்ட் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஷாட் சொல்ல ஆள் வேணுமே..."

"நான் வரேன்" என்றேன்.

ஹீரோவுக்குப் பதிலாகக் குதிக்க இருந்தவர் சூசை அண்ணாச்சி. சங்கு குளிப்பவர். வள்ளமும் அவருடையதுதான். அவர் மறித்தார்.

"ஏளா, பொட்டப்புள்ள வள்ளத்துல ஏறப்படாது."

"ஆறு வருஷமா நான் ஆம்பளப் பையன்தான் அண்ணாச்சி. ஊரே கொட்டகையில பாத்திருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "வாயப் பாரு... ஏறித் தொலை."

நடுக்கடலில் அடுத்த வம்பு. அண்ணாச்சி கழுத்தில் சிலுவை. பாண்டிய மன்னன் காலத்தில் சிலுவையா? கழற்றச் சொன்னார் கேமரா அசிஸ்டென்ட்.

"இது இல்லாம நான் தண்ணிக்குள்ள போவ மாட்டேன். வேணும்னா ஒங்க ஹீரோவ எறக்கும்."

வெறும் கையோடு கரைக்குத் திரும்பினால் அன்றோடு என் கதை முடிந்தது.

"கழட்ட வேண்டாம். நமக்கு முதுகக் காட்டிக் குதிக்கட்டும். மேல வரும்போது முதல்ல கை மட்டும் வரட்டும், சிப்பியோட."

"அதைச் சொல்ல நீ யாரு?" என்றார் கேமரா அசிஸ்டென்ட்.

"இங்கே வேற யாரு இருக்கா?"

எடுத்தோம்.

கரையில் விஷயத்தைக் கேட்டதும் டைரக்டர் கத்தினார். "நான் கேட்டது முகம்! ஃபிலிமை வீணாக்கிட்டியே!"

"முகத்தை நாளைக்கு ஹீரோவை இடுப்பளவுத் தண்ணியில நிக்க வெச்சு எடுத்துக்குங்க சார். ஆழம் இதுல இருக்கு."

டைரக்டர் கடலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேமரா அசிஸ்டென்டிடம் சொன்னார்: "நாளைக்கு அலை, பாய்மரம் எல்லாம் எடுக்கணும். இவளையும் கூட்டிட்டுப் போ."

படம் வந்தபோது, தண்ணீரைப் பிளந்து அந்தக் கை மேலே வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. கைதட்டல் ஹீரோவுக்கு. கை சூசை அண்ணாச்சியுடையது. டைட்டிலில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. சினிமாவில் ஆழத்துக்குப் போகிறவர் ஒருவர், மாலை வாங்குகிறவர் வேறொருவர்!

ஆனால் என்னால் மறக்க முடியாதது ஷூட்டிங் நடந்த அன்று சாயங்காலம்தான். தகவல் கிடைத்து, விளாத்திகுளத்திலிருந்து அய்யா - என் அப்பா - வந்து நின்றார்.

"ஏளா, பெட்டிய எடு. போவோம்."

"நாளைக்கு ஷூட்டிங் இருக்கு அய்யா."

"நீதான் நடிக்கலையாமே?"

"நடிக்கல. எடுக்கேன்."

அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று அய்யா தனியாகத்தான் பஸ் ஏறினார்.