மரகதம் உட்கார்ந்த நாற்காலி

மரகதத்துக்குக் கையைவிட வாய் வேகம் என்பார்கள் ஒரகடம் கார் சீட் கம்பெனியில். அதெல்லாம் பொறாமை. கைதான் வேகம். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்து, ஷிப்ட் முழுக்க சீட் உறை தைப்பாள். வார லீவில் அடுக்குமாடி வீடுகளில் சோபா சுத்தம் செய்து தருவாள். புருஷன் ரகுபதி லாரியில் அடிபட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் தூக்கி நிறுத்தியது அந்தக் கைதான்.

பக்கத்து மெஷினில் தைக்கிறவள் ஷெர்லின். விடிந்தால் அவளுக்குக் கல்யாணம். சர்ச்சில் நடக்கும் கல்யாணப் பூசையில் மணப்பெண் உட்காருவதற்கென்றே அவர்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி ஒன்று உண்டு. சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் பித்தளை ஆணி, உள்ளே தேங்காய் நார். "துணிய மாத்தாதக்கா, அழுக்க மட்டும் எடுத்துக் குடு" என்று கேட்டிருந்தாள்.

பூ, இது என்ன பிரமாதம் என்று காலையிலேயே போய் இறங்கினாள் மரகதம். தூசியை உறிஞ்சி எடுத்தாள். சோப்பு நுரையை ஸ்பாஞ்சில் எடுத்துத் தேய்த்தாள். ஸ்பாஞ்ச் ரத்தச் சிவப்பாக வந்தது.

கம்பெனித் துணியோடு பழகிய புத்தி. அது எவ்வளவு தேய்த்தாலும் சாயம் விடாது. இந்தக் கிழட்டுத் துணியை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? நாளைக்கு வெள்ளைப் பட்டுப் புடவையோடு ஷெர்லின் இதில் உட்கார்ந்து எழுந்தால், ஊரே பார்க்கப் பின்பக்கம் சிவப்பு.

நுரையை வழித்தாள். பச்சைத் தண்ணீரில் வினிகர் கலந்து ஒற்றினாள். வெள்ளைத் துண்டை வைத்து அமுக்கினாள், சிவந்தது. இன்னொன்று, அதுவும் சிவந்தது. மதியத்துக்குள் துண்டில் ஒட்டுகிற சிவப்பு ரோஸானது, பிறகு ரோஸும் வெளுத்தது. ஃபேனை நேராக வைத்தாள். சாயங்காலம் வெல்வெட் காய்ந்து புசுபுசுவென்று எழுந்து நின்றது. ஆனாலும் கையால் அமுக்கிப் பார்ப்பது வேறு, உடம்புச் சூட்டோடும் வேர்வையோடும் ஆள் உட்காருவது வேறு. ஒரு வெள்ளை வேட்டியை விரித்தாள், ஃபேனை நிறுத்தினாள், ஏறி உட்கார்ந்தாள்.

அப்போதுதானா ஷெர்லினின் அம்மா ரெஜினா உள்ளே வரவேண்டும்!

"இன்னாடி மரகதம்... நீயா அதுல குந்திகினு கீற?"

"சாயம் ஒட்டுதான்னு பாக்குறேங்கா."

"அதுக்கு நீதான் கெடைச்சியா? பொண்ணு குந்துற எடம். தாலியறுத்தவ..." மீதியை ரெஜினா முழுங்கிக்கொண்டாள். முழுங்கி என்ன, சொன்னதே போதும்.

மரகதத்தின் முகம் எரிந்தது. கும்பிடுகிற சாமி வேறானாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. எழுந்து ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் எழுந்தால் சோதனை பாதியில் போகும்.

"இன்னும் கொஞ்ச நேரங்கா. இப்ப எய்ந்தா ஒண்ணும் தெரியாது."

ரெஜினா நின்றாள். இவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வேர்வை முதுகில் இறங்கியது. சத்தம் கேட்டு வந்த ஷெர்லின் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கடைசியில் மரகதம் எழுந்து வேட்டியை உருவ, ரெஜினா அதை வெடுக்கென்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வேர்வை ஈரம் இருந்தது. சிவப்பு ஒரு பொட்டு இல்லை.

மரகதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ரெஜினா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் டம்ளர் நிறைய வேளாங்கண்ணித் தீர்த்தம். நேராக நாற்காலிக்கு வந்தாள். யார் உட்கார்ந்ததைக் கழுவ வருகிறாள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மரகதத்துக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அய்யோ, தண்ணி ஊத்தாதக்கா! நாரு குடிச்சிச்சின்னா அடியில கீற சாயம் மறுபடியும் மேல வந்துரும்."

டம்ளர் அப்படியே நின்றது. ரெஜினாவால் ஊற்றவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

ஷெர்லின் வந்து அம்மா கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மரகதம் உட்கார்ந்த சூடு இன்னும் ஆறாத நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.