நோட்டில் எழுதிய நேரங்கள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ், கணினிக் கடை வைத்திருக்கிறேன். எந்த வேலை, எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறித்துவிடுவேன். அதனால் யாருக்கும் கெடுதல் வருமென்று நினைத்ததில்லை.

கல்வராயன் மலையில், கரியாலூருக்கும் அப்பால், ஓர் அரசு சேவை மையத்தில் ஒப்பந்த ஊழியராக ஒரு பெண் இருந்தார். மழை பிடித்தால் அங்கே இணையம் நின்றுவிடும். பிள்ளைகளின் சாதிச் சான்று விண்ணப்பங்களைப் பஸ்ஸில் எனக்குக் கொடுத்தனுப்புவார். அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு நான் ஏற்றிவிடுவேன். விதிப்படி தவறு. மூன்று மழைக்காலம் அப்படித்தான் நடந்தது.

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில், ஒரு திங்கட்கிழமை, அவர் போடாத சாதிச் சான்று விண்ணப்பங்கள் அவர் கணக்கிலிருந்து போயிருப்பது தெரிந்தது. பாஸ்வேர்டை யாரோ திருடியிருந்தார்கள். துறை கணக்கை முடக்கியது. மலைப் பிள்ளைகளின் விண்ணப்பங்களும் அதோடு நின்றன.

சேவை மைய இணையதளத்தை நடத்தும் மென்பொருள் நிறுவனம், எந்த விண்ணப்பம் எப்போது எங்கிருந்து போனது என்ற பதிவுகளைப் போலீஸ் கடிதம் இல்லாமல் தராது. போலீஸ், துறையின் புகார் இல்லாமல் கடிதம் தராது. துறைக்கோ முதலில் நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். இப்படியே ஒன்பது நாள். பத்தாம் நாள், புதன்கிழமை, மூன்று தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். மலையிலிருந்து போனவை சரி, மற்றவை எல்லாம் போலி என்று முடிவெடுக்க இருந்தார்கள். என் கடையிலிருந்து போனவையும் அந்த 'மற்றவை'யில்தான் இருந்தன.

கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த அந்தப் பெண் வெளியே வந்து எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, நோட்டு இருக்குதில்ல? எடுத்துக்கினு வாங்க."

"அத காட்டுனா பாஸ்வேர்ட நீ குடுத்தது தெரிஞ்சிடும்மா. வேல போயிடும்."

"காட்டலன்னா பசங்களுக்கு சீட்டு போயிடும். அப்புறம் மலையில இன்னா மூஞ்ச வெச்சிக்கினு நடக்கறது? வாங்கண்ணா."

போனேன். சைபர் பிரிவு உதவி ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். "இன்னாங்க, நிமிஷத்தோட எழுதி வெச்சிருக்கீங்க! எங்க ஸ்டேஷன் டைரி கூட இப்பிடி இருக்காதுங்க." நிறுவனத்தின் பொறியாளர் திரையில் நேரத்தைப் படிக்க, நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். நோட்டில் இல்லாதவை திருடன் போட்டவை. நாலு மணிக்குள் பிரித்துவிட்டோம். என் கடைக் கணினியில்தான் பாஸ்வேர்டு திருடும் நிரல் புகுந்திருந்தது என்பதையும் பொறியாளரே கண்டுபிடித்தார்.

வியாழக்கிழமை பிள்ளைகளின் விண்ணப்பங்கள் நகர்ந்தன. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பணிநீக்க உத்தரவு வந்தது. எனக்கு வாய்மொழி எச்சரிக்கை மட்டும். கூட்டக் குறிப்பில், அரசும் தனியாரும் ஒத்துழைத்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று எழுதியிருந்தார்கள்.

திருட்டு நடந்தது என் கணினியில், அவர் மேல் குற்றமில்லை என்று துறைக்கு எழுதினேன். கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்தது. இரண்டு முறை நேரிலும் போய்க் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

அவர் இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி வருகிறார். வழியில் பார்த்தால், "லெட்டருக்கு எதுனா வந்துதாண்ணா?" என்பார். இன்னும் இல்லையம்மா என்பேன். இப்போதெல்லாம் அதையும் கேட்பதில்லை.