சவுதியில் ஒரு சிவப்புப் பொட்டு

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள்: பள்ளித் தாளாளர், சமூக அறிவியல் டீச்சரான என் மருமகள் மெர்சி, கள்ளக்குறிச்சி டவுனிலிருந்து வந்த கௌசல்யா, கரியாலூரிலிருந்து மலையிறங்கி வந்த சின்னப்பொண்ணு. கடைசி இருவரும் மாணவர்களின் அம்மாக்கள். அப்புறம், ஜன்னலோரம் வியர்த்துக்கொண்டு நான்.

பள்ளியில் கண்காட்சி. மெர்சி தற்காலிக டீச்சர். கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் அவளை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தாளாளர் முடிவு செய்வார். இப்படிப்பட்ட நேரத்தில் புத்தியுள்ளவர்கள் என்ன தலைப்பு எடுப்பார்கள்? மழைநீர் சேகரிப்பு! மெர்சி எடுத்தது — உலக மதங்கள், எது எங்கே என்று ஒரு பெரிய உலகப் படம்.

எனக்குத் தூக்கம் போனது.

நான் எட்டாவதோடு நின்றவன். அதனால் பொறுமையாகச் சொன்னாள். மதங்களைப் பிறந்த இடத்தை வைத்துப் பிரிக்கிறார்களாம். மேற்கு ஆசியாவில் பிறந்தவை, இந்தியாவில் பிறந்தவை, சீனா ஜப்பான் பக்கம் பிறந்தவை. அப்புறம், அந்தந்த மண்ணோடு இருக்கிற பழங்குடி வழிபாடுகள். பிறந்த இடத்திலேயே எல்லாம் தங்கிவிட்டதா? எங்கே... புத்த மதம் இங்கே பிறந்து தாய்லாந்தில் குடியிருக்கிறது. எங்கள் கிறிஸ்தவம் பிறந்தது பெத்லகேம் பக்கம். ஜனமெல்லாம் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும்.

“சரிம்மா, கலர் அடிக்கும்போது கட்சிக் கொடி எதுவும் தெரியாம பாத்துக்கோ” என்றேன்.

“கலரே அடிக்கப் போறதில்ல மாமா. நாட்டுக்கு ஒரு கலர் அடிச்சா இந்தியாவுல நாமளே இருக்க மாட்டோம். புள்ளி வெக்கப் போறேன். ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கினு வாங்க.”

பொட்டு! தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற வீடு. பேன்சி ஸ்டோரில் தலையைக் குனிந்துகொண்டு கலர் கலராகப் பொட்டு கேட்டேன். “யாருக்கு சார்?” என்றார் கடைக்காரம்மா. உலகத்துக்கு என்று சொல்ல முடியுமா?

பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகத்தான் ஒட்டினார்கள். இந்துவுக்குச் சிவப்பு, இஸ்லாமுக்குப் பச்சை, பழங்குடி வழிபாட்டுக்குக் கறுப்பு, இப்படி. மெர்சி செய்த ஒரே தப்பு, மிச்சப் பொட்டு அட்டைகளை மேஜையிலேயே வைத்தது. பார்க்க வந்ததோ, குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பழகிய அம்மாக்களின் கைகள். எதிரே பளபளவென்று அந்த உலகப் படம். சும்மா இருக்குமா?

தாளாளர் உள்ளே வந்தபோது சவுதி அரேபியாவின் நடுவே ஒரு சிவப்புப் பொட்டு.

“இன்னா மிஸ் இது? சவுதில செவப்பு எப்படி வந்துச்சு? புக்ல அப்படி இல்லியே!”

அடுத்து எந்தப் பள்ளியில் வேலை கேட்பது என்று நான் மனதுக்குள் தேடத் தொடங்கிவிட்டேன்.

கௌசல்யா முன்னால் வந்தார். “அது எங்க வூட்டுக்காரரு சார். ரியாத்துல லாரி ஓட்டிக்கினு இருக்காரு. செவ்வாக்கெழமையானா ரூம்ல முருகர் படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துறாரு. புக்ல இல்லன்னா அவரு அங்க இல்லன்னு ஆயிடுமா?”

தாளாளரின் விரல் கேரளாவுக்கு இறங்கியது. அங்கே சிவப்பின் மேல் கறுப்பு. கேரளாவையே காணோம்.

“அது எம் பெரிய பையன் சார்” என்றார் சின்னப்பொண்ணு. “மொளகுத் தோட்டத்துல கீறான். சர்ட்டிபிகேட்ல இந்துன்னு போட்டுக்கீது. மலைல நாங்க கும்புடுற சாமிக்கு டீச்சர் கறுப்பு காட்டுனாங்க. எத உடறது? ரெண்டத்தையும் ஒட்டிட்டேன்.”

“ஒரு ஆளுக்கு ரெண்டு பொட்டா? கணக்கு இடிக்குதே மிஸ்!”

“கணக்குக்குத்தான் சார் இடிக்குது” என்றாள் மெர்சி. “அவங்களுக்கு இடிக்கல.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தப் பெண் இப்போதுதானா வாயைத் திறக்க வேண்டும்?

கண்ணைத் திறந்தால், தாளாளர் படத்தின் மேல் பக்கமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“கனடா எது மிஸ்?”

அவர் மகன் அங்கே இருப்பது டவுனுக்கே தெரியும். அவன் கல்யாணத்துக்கு ஊரில் யாருக்கும் பத்திரிகை வராததும் தெரியும். மெர்சி காட்டினாள். எந்தக் கலர் என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் சிவப்பில் ஒன்றை உரித்து ஒட்டினார். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்திலேயே வேறு கலரில் ஒன்று. இரண்டும் விழாமல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு வெளியே போனார்.

புத்தகத்தில் மதங்கள் நாடு நாடாகப் படுத்திருக்கின்றன. நிஜத்தில் அவை விசா வாங்கிக்கொண்டு சுற்றுகின்றன. இதைக் கண்டுபிடிக்க எட்டாவது போதும் போலிருக்கிறது.

அடுத்த வாரமே மெர்சிக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. என் கவலை தீர்ந்ததா? பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தியில் இதை எழுதி, தாளாளர் கோபித்துக்கொண்டு ஆர்டரைத் திரும்ப வாங்கிவிட்டால்? நேரே போய் அவரிடமே கேட்டேன்.

“எழுதுங்க சார்” என்றார். “அந்த ரெண்டாவது கலரு இன்னான்னு மட்டும் எழுதாதீங்க.”