மார்த்தாள் தூங்கிய மெட்டு

ஏசுதாஸ் அண்ணனுக்கு உத்திரமேரூர் அரிசி மில்லில் கோணி தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மிஷன் கோயிலில் பியானோ வாசிப்பார். மிஷனை நடத்திய வெள்ளைக்கார அம்மா தன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பியானோ. மழைக்காலத்தில் நாலைந்து கட்டைகள் உப்பிக்கொண்டு எழும்பாது. அவற்றைத் தொடாமலே வாசிக்கப் பழகியிருந்தார்.

கோயிலைப் பெருக்குகிறவள் நான். சனிக்கிழமை அவர் வாசித்துப் பார்க்கும்போது கேட்டுக்கொண்டே பெருக்குவேன். எல்லாம் அவரே கட்டிய மெட்டுகள், வார்த்தை கிடையாது. இடது கை ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பப் போடும். வலது கை எப்போதாவது ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பிடித்தது. குறையும் உண்டு. தித்திப்பு கொஞ்சம் அதிகம். அவருக்கு முடிக்கவும் தெரியாது.

ஜனங்கள் நற்கருணை வாங்க வரிசையில் போய்வரும் நேரத்தில் இவற்றை வாசிப்பார். 1979இல், புரட்டாசி நடவின்போது, பாதிப் பெண்கள் பெஞ்சியிலேயே தூங்கிவிட்டார்கள். சபை மூப்பருக்குக் கோபம்.

"பியானோ வாசிக்கிறியா, தொட்டில் ஆட்டிக்கினு கீறியா?"

"களைச்சிப்போயி வருதுங்க, மூப்பரே."

"வார்த்தை இருந்தா ஏன் தூங்குதுங்க? வர்ற வாரமும் ஒருத்தி தூங்கட்டும், அப்புறம் பாட்டுப் புஸ்தகத்துல கீறத மட்டும் வாசி."

சனிக்கிழமை அந்த மெட்டையே வேகமாக, சத்தமாக மாற்றினார். கோணி தைத்த விரல்கள் வீங்கியிருந்தன.

"எப்படிம்மா கீது?"

"யாரும் தூங்க மாட்டாங்க, அண்ணே."

"அது தெரியுது. நல்லா கீதா?"

நான் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

மறுநாள் நற்கருணை நேரத்தில் வேகமாகத்தான் ஆரம்பித்தார். தூண் ஓரம் மார்த்தாள் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளாக ஏரிக்கழனியில் நடவு. கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அவள் தலை சாய்ந்தது, சத்தத்துக்குத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள், மறுபடி நிமிர்ந்தாள். மூன்றாம் தடவை ஏசுதாஸ் அண்ணன் பார்த்துவிட்டார். வலது கையை எடுத்துவிட்டார். இடது கை மெதுவாகிப் பழைய நாலு சுரத்துக்குப் போயிற்று. மூப்பர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் நிறுத்தவில்லை. மார்த்தாள் தூணில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிய பிறகும் வாசித்தார். நற்கருணை வாங்கி எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. போதகர் காத்துக்கொண்டு நின்றார்.

ஆராதனை முடிந்ததும் மார்த்தாள் வாயைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"என்னாலதான் நீ பேச்சு வாங்கப்போற, அண்ணே."

"வுடு. நல்லா தூங்கினியா?"

"ம்."

மூப்பர் சொன்னதை மாற்றவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் வாசித்தார், சனிக்கிழமைகளில்கூட.