பாலக்கோடு மண்டி வரை ஓடிய டேப்

சலீம் பாய் காலையில் தவறிவிட்டார்.

எண்பதுகளில் தர்மபுரியில் கல்யாணம் பண்ணியவர்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால், வீடியோ கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போவாரே... அவர்தான்.

ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தோம். அவர் கேமரா, நான் லைட்.

அதியமான்கோட்டையில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய புல்லட்டை வாங்கி ரெண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்தோம். டேங்குக்குள் துரு, சீட்டுக்குள் எலிக்கூடு. முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாகத் தேய்ப்புதான்.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது பாய் அசையாமல் நின்றுவிட்டார். "டேய் செல்வம், ஆஃப் பண்ணிடாத... மறுபடி வருமோ வராதோ."

பேட்டரி விஷயத்தில் ரொம்பக் கறார். வண்டியை எடுக்காவிட்டாலும் திறந்து பார்ப்பார், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவி வாசலின் தடவுவார். "மாடு மாதிரிடா இது. வேல வாங்கலன்னாலும் தண்ணி காட்டணும்."

அவர் மனைவி சுபைதா அக்கா. சிறுநீரகம் கெட்டுப்போய், கால் முகமெல்லாம் வீங்கிப் படுத்திருந்தார். சேலத்தில் பார்த்தார்கள், பெங்களூரில் பார்த்தார்கள்... வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்காவின் அப்பா பாலக்கோட்டில். அவருக்குப் பக்கவாதம், அவரும் படுக்கை. மகளை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். அப்பாவைத் தூக்கிவரவும் வழியில்லை. நடுவில் ஒரு பஸ் பயணம்... அவ்வளவுதான் தூரம்.

"அத்தா மொகத்த ஒருக்கா பாத்துட்டா போதுங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாய் ஒருநாள் என்னிடம் வந்தார். "வூட்லருந்து பாலக்கோடு வரைக்கும் ரோட்ட அப்படியே புடிச்சிட்டுப் போவோம்டா. அவளே போற மாதிரி பாக்கட்டும். அங்க போயி மாமாவப் பேச வெச்சு எடுத்துட்டு வந்துரலாம்."

இன்றைக்குப் பையன்கள் ஹெல்மெட்டில் தீப்பெட்டி மாதிரி ஒரு கேமராவை ஒட்டிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தை எடுத்துப் போடுகிறார்கள். அன்றைக்குக் கேமரா ஒரு தோளில், ரெக்கார்டர் பெட்டி இன்னொரு தோளில். நான் ஓட்ட, பாய் பின்னால் உட்கார்ந்து என் தலைக்கு மேலாக எடுத்துக்கொண்டே வந்தார்.

"பள்ளத்துல எறக்காதடா... உங்கக்கா வண்டியில வரா."

பாலக்கோடு தக்காளி மண்டியைத் தாண்டும்போது என் முதுகில் தட்டினார். கேமராவுக்குள் இருட்டு. பேட்டரி தீர்ந்துவிட்டது. ஸ்டூடியோவின் இன்னொரு பேட்டரி அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

மாமா வீட்டில் கரண்ட் இல்லை. ஊருக்கே இல்லை. "லைன்ல வேல நடக்குதுங்க, பொழுது சாயத்தான் வரும்" என்றார்கள். அதுவரை அக்காவைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவைக்க முடியாது.

பாய் புல்லட்டின் சைடு பாக்ஸைத் திறந்தார். அது ஆறு வோல்ட், கேமராவுக்குப் பன்னிரண்டு. அவருக்குத் தெரியாததா... ஆனாலும் அந்த பேட்டரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊர்ல ஏதாவது டிராக்டர் பேட்டரியில கனெக்ஷன் குடுக்கலாமா பாய்?" என்று கேட்டேன். "அதுக்கு வேற ஒயருடா. எடுத்துட்டு வரலையே."

உள்ளே மாமாவுக்குச் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். "எப்ப பேசோணும் மாப்ள?"

பாய் என்னைப் பார்த்தார்.

கேமராவைத் தூக்கித் தோளில் வைத்தார். "பேசுங்க மாமா. ஓடுது."

வாய் ஒரு பக்கம் இழுக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "சுபைதா... அத்தா நல்லாருக்கேம்மா. நீ மருந்தத் துப்பிடாத. சின்னதுல துப்புவியே, அப்படிப் பண்ணாத கண்ணு..." அப்புறம் பேச்சு வரவில்லை. நல்ல கையை மட்டும் கேமராவைப் பார்த்து ஆட்டினார்.

அவர் கை இறங்கும்வரை பாய் கண்ணை எடுக்கவேயில்லை.

சாயங்காலம் வீட்டில் டேப்பைப் போட்டோம். அக்கா ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்தார். "அந்தப் புளியமரத்த வெட்டிட்டாங்களா?" என்று கேட்டார். மண்டி வந்தது, தக்காளிக் கூடைகள் வந்தன. பிறகு டிவி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

பாய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். மாமா பேசியதை ஒரு வார்த்தை விடாமல் தன் வாயால் சொன்னார், மருந்து துப்புகிற கதை வரைக்கும்.

அக்கா சிரித்தார். "மண்டி வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டீங்கல்ல... அதுக்கு மேல எனக்கு வழி தெரியுங்க."

மறுபடி போய் எடுக்கலாம் என்று ரெண்டு பேட்டரியையும் சார்ஜ் போட்டு வைத்தோம். போகவில்லை. அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

எல்லாம் முடிந்தபிறகு பாயோடு பாலக்கோட்டுக்குப் போனேன். மாமா முதலில் கேட்டது இதைத்தான். "நான் பேசுனதப் பாத்துச்சா மாப்ள?"

"பாத்துச்சு மாமா. சிரிச்சுச்சு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் அடுத்த முகூர்த்தத்துக்குக் கேமராவைத் தூக்கினார். நான் லைட் பிடித்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவர் தம்பி மகன் போனில் சொன்னான். நான் மகள் வீட்டில், புனேயில் இருக்கிறேன். ரயில், ஃப்ளைட், பஸ், எல்லாம் பார்த்தாயிற்று... எதில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

இப்போது தூக்கியிருப்பார்கள்.

நல்லபடியாப் போய்ச் சேருங்க, பாய்.