மல்லித்தண்ணி மணத்தில் ஓடிய சவாரி

எங்கள் அத்தானுக்குக் காய்ச்சல் மூக்கு வழியாகத்தான் வரும். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்ந்து கொதிக்கும் மணம் பட்டால் போதும். மலைபோன்ற மனிதர் தோள்கள் தளர்ந்து, குரல் மெலிந்து, போர்வை தேடுவார். நெற்றியைத் தொட்டால் குளிர்ந்தே இருக்கும். "இது உள்காய்ச்சல்" என்பார். வைத்திய நூல்கள் பலவற்றைப் புரட்டியும் நான் இதற்குக் காரணம் காணவில்லை. அக்காவிடம் இருந்தது.

"சின்னனிலை காய்ச்சல் வருத்தம் வந்தால்தான் இவருக்குப் பனங்கட்டி குடுத்தவையாம். மணம் வந்தவுடனை உடம்பு பனங்கட்டி கேக்குது."

அக்கா மல்லித்தண்ணியைப் பெரிய பானையிலேயே அவிப்பார். அத்தானுக்கு ஒரு மூக்குப்பேணி நிறைய, கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டுடன். மிச்சம் மாட்டுக் கொட்டிலுக்குப் போகும். தடிமன் பிடித்து மூக்கொழுகும் சவாரி மாடுகள் இரண்டுக்கும் அதில் மிளகைக் கூட்டி, வாயைப் பிளந்து மூங்கில் குழாயால் ஊற்றுவார். அவற்றுக்குப் பனங்கட்டி கிடையாது.

நான் சொல்லப்போகும் வண்டிற் சவாரிப் போட்டி முப்பதுகளின் நடுவில், சித்திரை வருடம் பிறந்தபின் வந்த முதற் சனிக்கிழமை சரவணை ஊர் மணல்வெளியில் நடந்தது. ஞாயிறு என்று சாதிப்பவர்கள் உண்டு. ஞாயிறு முழுவதும் அத்தான் பாயில் கிடந்தார், ஆகவே சனிதான்.

முந்திய ஆண்டு அத்தான் வேலணைக்காரர் ஒருவரிடம் தோற்றிருந்தார். மறுபடியும் தோற்றால் மாடுகளை விற்றுவிட்டுக் கோழி வளர்ப்பேன் என்று சந்தையில் எல்லோரும் கேட்கச் சொல்லியும் விட்டார். மாடுகளைப் பிள்ளைகள்போல வளர்த்த அக்கா அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

வண்டில்கள் வரிசைக்கு வந்தபோது வேலணைக்காரர் கேட்டார்: "அண்ணை, கோழிக்கூடு கட்டி முடிஞ்சுதோ?"

"உம்மடை மாட்டை முட்டையிடச் சொல்லும், கட்டுறன்" என்றார் அத்தான்.

அப்போதுதான் மணம் வந்தது. எங்களுக்குப் பின்னால் வேலணை ஆட்கள் மூன்று கல் வைத்து மல்லித்தண்ணி கொதிக்கவிட்டிருந்தார்கள். சோழகக் காற்று அதை அப்படியே அத்தானின் மூக்குக்குக் கொண்டுவந்தது.

"என்ன இது?" என்று வண்டிலருகே நின்ற நான் கத்தினேன்.

"எங்கடை பெடியளுக்குத் தடிமன், தம்பி" என்றார் வேலணைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அத்தானின் தோள்கள் இறங்கின. கண்கள் சொருகின. "தம்பி, எனக்கு ஏலாது. குளிருது" என்று வண்டிலுக்குள்ளேயே சரிந்தார். உச்சி வெயில், மணலில் கால் வைக்க முடியாத சூடு. அதே நேரம் கொடி விழுந்தது.

அத்தானின் மூக்கை அறிந்தவர்கள் மாடுகளின் மூக்கை மறந்துவிட்டார்கள். மணம் பட்டதும் இரண்டும் வாயை இறுக மூடிக்கொண்டன. பானையும் மூங்கில் குழாயும் பின்னால் துரத்தி வருவதாக நினைத்திருக்க வேண்டும். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் வேலணை வண்டில் புழுதிக்குள் மறைந்தது. எல்லையைத் தாண்டியும் நிற்கவில்லை. நாங்கள் பின்னால் ஓடி, பனைமரங்கள் அடர்ந்த பனங்கூடலுக்குள் போய் மறித்தோம். அத்தான் வண்டிலுக்குள் கயிற்றைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தார்.

"வெண்டிட்டம் அத்தான், நாங்கள்தான் முதல்!"

"நல்லது. ஒரு போர்வை கிடைக்குமோ?"

மறுநாள் அக்கா வீட்டிலிருந்த பனங்கட்டி முழுவதையும் அள்ளிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். "ஓடினது அதுகள்" என்றார்.

போர்வைக்குள்ளிருந்து அத்தானின் தலை நீண்டது.

"நானும் வண்டிலிலைதானே இருந்தனான்?"