காக்காவின் மூக்கில் முளைத்தது

காக்கா என்று நான் கூப்பிடும் என் மூத்த அண்ணனின் இடது மூக்குக்குள் முதலில் சிறியதொரு சதைதான் தெரிந்தது. கோவைப்பழ நிறம். உற்றுப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், தொட்டால் இரத்தம். எங்கள் பக்கத்து வயற்காரர் ஓரிருவருக்கு அப்படி வந்து கண்டிருக்கிறோம். ஆசுப்பத்திரியில் வெட்டியெடுத்துப் பார்த்து, பங்கசு, அதாவது பூஞ்சை என்றார்கள்.

நான் அப்போது கல்முனையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பங்கசு என் பாடம். காக்காவுக்கு அது நல்ல பகிடியாகப் போயிற்று.

"உன்ட பள்ளிக்கூடப் புத்தகம் என்ட மூக்குக்குள்ள முளைச்சிரிக்கி தம்பி. கவனமாப் படிப்பி" என்பார்.

பகிடி கொஞ்ச நாள்தான் தாங்கியது. தொழுகையில் ஸுஜூதுக்குப் போய் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது இரத்தம் சொட்டத் தொடங்கியது. ஒருநாள் பள்ளிவாசல் பாயில் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்று தொழுதவர் தொழுகை முடிந்ததும் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தார். எவரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன். பாயைக் காக்காவே கழுவிக் காயப்போட்டுவிட்டு வந்தார். அன்றோடு பள்ளிக்குப் போவதை விட்டார். முதல் வரிசையில் நிற்பதற்காகப் பாங்குக்கு முன்னமே போகிற மனிதர் அவர். சுகப்பட்டுப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இருக்கவில்லை.

விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். மறுபடி வளர்ந்தது. மறுபடி வெட்டினார்கள். டொக்டர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். தேங்கிய தண்ணீரில் இருந்துதான் இந்த நோய் வருகிறதென்ற சந்தேகம் டொக்டர்மாருக்கு வெகுகாலமாக உண்டு. அதனால் போகும்போதெல்லாம் கேட்பார், "குளத்துல குளிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர், ஊட்டுக் கிணத்துலதான்" என்பார் காக்கா. அது உண்மைதான்.

அந்த வருட அறுவடைக்கு நானும் வயலுக்குப் போனேன். போர் நடந்த பிரச்சினைக் காலம். சோதனைச்சாவடி திறந்த பிறகு போய், இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். லுஹர், அஸர் என்ற பகல் தொழுகை இரண்டும் வயலில்தான். காவல் குடிசையான வாடிக்குப் பக்கத்தில் எருமைகள் கிடக்கும் சின்னக் குளம் ஒன்று. காக்கா அதன் கரையில் குந்தித் தொழுகைக்கு வுழு எடுத்தார். கை கழுவினார், வாய் கொப்பளித்தார், உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரை மூக்குக்குள் இழுத்துச் சிந்தினார். மூன்று தடவை போதும். அவர் நிறுத்தவில்லை. இரத்தம் அசுத்தம், அதோடு தொழுகையில் நிற்கக் கூடாது என்று ஆழமாக இழுத்து இழுத்துக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"காக்கா, டொக்டர் குளத்தப் பத்திக் கேட்டாரெல்லுவா?"

"ஓம். குளிக்கிறயா எண்டு கேட்டார். நான் எங்க குளிச்ச?"

வுழுவைக் குளிப்பென்று எங்களில் யார் சொல்வார்? கேட்டவருக்கு நம் வழக்கம் தெரியாது, பதில் சொன்னவருக்கு அப்படியொரு எண்ணமே வராது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் கோபம் வந்தது எனக்கு. அந்தக் குளத்தைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாளிலிருந்து காக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோனார். பிந்திவிட்டது. சதை தொண்டைக்குள் இறங்கியிருந்தது. இன்னுமொருமுறை கத்தி வைத்தால் இரத்தத்தை நிறுத்த ஏலாமல் போகும் என்று டொக்டர் பயந்தார். மிச்சம் இருந்தது குளிசை மட்டும். பங்கசுக்குப் புது மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன, இதற்கும் வரும் என்று சொல்லிச் சொல்லித்தான் நான் காக்காவைத் தேற்றிவந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றுக்குக் கொழும்புக்குப் போனேன். உயிர்களின் பரிணாமத்தைக் காட்டும் கூர்ப்பு மரத்தைப் பற்றிப் பேசிய விரிவுரையாளர் காக்காவின் நோயை உதாரணமாக எடுத்தார். நுணுக்குக்காட்டியில் பார்த்த உருவத்தை வைத்துத்தான் இத்தனை காலமும் அதைப் பங்கசு என்று பாகுபடுத்தினார்களாம். மரபணுவை வாசித்தபோது அது பங்கசே அல்ல. மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் சொந்தம். விலங்குகளும் பங்கசுக்களும் பிரிந்துபோகும் கிளைக்குப் பக்கத்தில் அதன் இடம். சொல்லும்போது அவருடைய முகம் மலர்ந்திருந்தது. அந்தச் சந்தோசம் எனக்கும் விளங்கக்கூடியதுதான். வேறொருவரின் மூக்கென்றால் நானும் கைதட்டியிருப்பேன்.

வந்ததும் காக்காவிடம் போனேன். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"அது பங்கசு இல்லயாம் காக்கா."

"மறுகா என்ன?"

மீனுக்கு வரும் கிருமியின் இனம் என்றேன். கிளையையும் மரத்தையும் கையால் காட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அதுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டானுகளா?"

"இல்ல காக்கா. இந்தக் குளிச ஏன் கேக்கல்ல எண்டதுதான் இப்ப விளங்குது."

அவர் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நல்லம். ஒண்டாவது விளங்கிச்சே" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும் வழியில் அவரைப் பார்க்க நுழைந்தேன். மதினி தரையில் உட்கார்ந்து, காக்கா தொழும்போது நெற்றிக்குக் கீழே விரிப்பதற்காக வெள்ளைத் துணியொன்றைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அது அவர் ஜும்ஆவுக்கு உடுக்கவென்றே வைத்திருந்த சேட்டு. வெட்டச் சொன்னது காக்காதான்.